பத்து மூட்டை தின்ற எலி

கடல் கடந்து, தென்னமெரிக்காவின் தெமராரா கரும்புத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவள் சடைச்சி. சதுப்பிலிருந்து நீந்தி வந்து கரும்பைக் கடிக்கும் எலிகளைப் பிடிப்பது அவள் வேலை.

ஒருநாள் காலை, ஆட்களுக்கு அளக்க வேண்டிய பத்து மூட்டை அரிசியைக் கிடங்கில் காணவில்லை. பிள்ளைகள் பசியில் அழுதன. பெரியவர்கள் நிலைகொள்ளாமல் கிடங்கைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"எல்லாத்தையும் எலி தின்னுடுச்சு!" என்று கத்தினான் கிடங்குச் சாவியை வைத்திருந்த மேற்பார்வைத் துரை மக்ரே. "சடைச்சி, தின்ன எலிகளைப் பொழுது சாயறதுக்குள்ள பிடிச்சிட்டு வா. இல்லைன்னா இந்த மாசம் ஒருத்தருக்கும் அரிசி கிடையாது!"

சடைச்சி துடைப்பத்தோடு கிடங்குக்குள் போனாள். மாலையில் தோட்டத்து முதலாளி பெரிய துரை வந்ததும், முறத்தை அவர் முன்னால் நீட்டினாள். அதில் வெறும் தூசிதான் இருந்தது.

"எலி எங்கே?" என்று உறுமினான் மக்ரே.

"கிடங்கு முழுக்கப் பெருக்கிட்டேன் துரை, ஒரு புழுக்கைகூட இல்லை. பத்து மூட்டை தின்ன எலி எங்கேயாவது வெளிக்குப் போயிருக்கணுமே! அந்த இடத்தைக் காட்டுங்க, எலியை நான் பிடிச்சுத் தர்றேன்."

கூட்டம் சிரித்தது. பெரிய துரை சிரிக்கவில்லை. மக்ரேயின் வீட்டைத் திறக்கச் சொன்னார். பின்கட்டில் பத்து மூட்டையும் கட்டுப் பிரியாமல் இருந்தன.

"நீயே சுமந்து வா" என்றார்.

மக்ரே பத்தாவது மூட்டையோடு தள்ளாடி வந்தபோது, எல்லா அடுப்பிலும் உலை கொதித்துக்கொண்டிருந்தது.