சோபாவுக்கு மேலே

“என்ன கலர் அடிச்சா அந்தம்மாவுக்குப் பிடிக்கும், டீச்சர்?” என்று கேட்டார் சீடர்.

சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது. பெயர் குலசேகரன். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயரானவர். வீட்டு ஹாலுக்குத் தன் கையாலேயே நாலடி கேன்வாஸில் ஒரு படம் வரைந்து மாட்ட வேண்டும் என்று வகுப்பில் சேர்ந்தவர். அதே கட்டடத்தில் தன் வீட்டிலிருந்து இரண்டு மாடி ஏறி வந்ததில் இரைத்தது.

குருவுக்கு வயது இருபத்து நாலு. பெயர் பிளஸ்ஸி. மொட்டை மாடி அறையில் கேன்வாஸ் வகுப்பு நடத்துகிறவர். ஹேர்கிளிப்பைப் பல்லில் கடித்தபடி கொண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஞானிகளுக்கும் முடி கலையும்.

“எந்தம்மாவுக்கு, அங்கிள்?”

“மாப்பிள்ளையோட அம்மாவுக்கு. நாளைக்குப் பத்தரைக்கு எங்க சிந்துவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. அவங்க ஸ்கூல்ல டிராயிங் டீச்சர். இவ சும்மா இருக்காம, ஹால்ல இருக்கற பெயிண்டிங் எங்கப்பா வரைஞ்சதுன்னு போன்ல சொல்லிட்டா. ‘அப்படியா, வந்து பார்க்கறேன்’னு அவங்க சொன்னாங்களாம்.”

‘வந்து பார்க்கறேன்’ என்பதை மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினார். முதல் குரலில் அந்தம்மா தங்கமானவர். இரண்டாவதில் பரீட்சை பேப்பர் திருத்துகிறார். மூன்றாவதில் வாரண்டோடு வருகிறார்.

“எதுவா இருக்கும், டீச்சர்?”

குரு கிளிப்பைக் குத்திக்கொண்டார்.

“ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப் போச்சு. இந்தப் பையனைத்தான் சிந்துவுக்கு மனசார பிடிச்சிருக்கு. என் படத்தால கெட்டுப் போச்சுன்னு ஆகிடக் கூடாது.”

“இப்போ என்ன கலர்ல இருக்கு?”

சீடர் வரலாற்றைச் சொன்னார்.

முதலில் நீலம். மச்சினன் தண்டபாணி வந்து நின்று பார்த்தான். “என்ன மச்சான், ஓவர்ஹெட் டேங்க்குக்குள்ள எட்டிப் பார்த்த மாதிரி இருக்கு.”

நீலத்தின் மேல் மஞ்சள். மனைவி கஸ்தூரி இடுப்பில் கை வைத்தாள். “மெரூன் சோபாவுக்கு மேல மஞ்சளா? குங்குமத்தையும் மஞ்சளையும் தாம்பாளத்துல கொட்டி வச்ச மாதிரி இருக்குங்க.”

மஞ்சளின் மேல் பச்சை. கீழ்வீட்டுக்காரர் அக்கறையாக விசாரித்தார். “பாசிங்களா சார்? செவுத்துல ஈரம் இறங்குதோ?”

பச்சையின் மேல் மரம். மரத்தின் மேல் மயில். மயிலின் மேல் வெள்ளை. இப்போது பிரவுன்.

“பிரவுனுக்கு யார் என்ன சொன்னாங்க?”

“இன்னும் யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு.”

குரு எழுந்தார். “வாங்க அங்கிள், உங்க வீட்டுக்குப் போலாம்.”

சோபாவுக்கு மேலே படம் தொங்கியது. ஏழு பூச்சு. ஆணி லேசாகக் குனிந்திருந்தது.

குரு படத்தைப் பார்க்கவே இல்லை.

“ஆன்ட்டி, நாளைக்கு வர்றவங்க எங்க உக்காருவாங்க?”

“இது என்ன கேள்வி? சோபாவுலதான். வர்றவங்களை சமையக்கட்டுலயா உக்கார வைப்பாங்க?” என்றாள் கஸ்தூரி.

“அங்கிள், நீங்க போய் உக்காருங்க. இப்போ நீங்கதான் அந்தம்மா.”

குலசேகரன் இல்லாத முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்ன தெரியுது?”

“டிவி.”

“அப்புறம்?”

“காலண்டர். எதிர்ல அந்த பிளாஸ்டிக் சேர்.”

“பெயிண்டிங்?”

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். இன்னும் திருப்பினார். கழுத்தில் ஏதோ சொடுக்கியது.

“தெரியல.”

அவசரமாகக் கேட்டார். “உள்ள வரும்போது பார்ப்பாங்கள்ல?”

“வரும்போது குனிஞ்சு செருப்பு கழட்டுவாங்க. நிமிர்ந்ததும் பொண்ணைத் தேடுவாங்க.”

“அதுவும் சரிதான்.”

“அந்த பிளாஸ்டிக் சேர் யாருக்கு?”

“எனக்குத்தான். நான் எப்பவும் அதுலதான் உக்காருவேன்.”

குரு செருப்பை மாட்டிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

“என்னங்க இது, எந்தக் கலர்னு சொல்லாமலே போயிடுச்சு அந்தப் பொண்ணு,” என்றாள் கஸ்தூரி.

குலசேகரன் சோபாவை விட்டு எழுந்தார். எதிரே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிரவுனைப் பார்த்தார். அரை மணி நேரம் பார்த்தார்.

“கஸ்தூரி.”

“என்னங்க?”

“எனக்கு இது பிடிக்கல.”

“யாருக்கு?”

“எனக்கு.”

கஸ்தூரி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அன்று மத்தியானமே எட்டாவது பூச்சு ஆரம்பமானது. தண்டபாணி இரண்டு தடவை போன் செய்தான். அது அடித்து ஓய்ந்தது. சாயங்காலம் கஸ்தூரி வந்து எட்டிப் பார்த்தாள்.

சாம்பல் நிறத்தில் வானம். குறுக்கே மூன்று கம்பி.

“கரண்ட் கம்பியா?”

“ஆமா.”

“வேற ஒண்ணும் இல்லியா?”

“மழை விட்டதும் இப்படித்தான் இருக்கும். லைனைச் சரி பண்ணிட்டு, கம்பத்துல இருந்து இறங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பார்ப்பேன்.”

“அவங்க என்ன சொல்வாங்களோ.”

“தெரியல,” என்றார். பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு வந்தார்கள். குனிந்து செருப்பைக் கழட்டினார்கள். நிமிர்ந்து சிந்துவைத் தேடினார்கள். சோபாவில் உட்கார்ந்தார்கள்.

“வர்ற வழியெல்லாம் ரோட்டை நோண்டிப் போட்டிருக்கான்,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“ஆமாங்க, போன வாரம்தான் நோண்டினான்,” என்றார் குலசேகரன்.

மாப்பிள்ளையின் அம்மா ஹாலை ஒரு சுற்று பார்த்தார். டிவி. காலண்டர். குலசேகரன்.

குலசேகரனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்தம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வேறு எங்கே பார்ப்பது என்றும் தெரியவில்லை. கண் தானாக மேலே போனது. அந்தம்மாவின் தலைக்கு ஒரு முழம் மேலே, படத்தில் போய் நின்றது.

நின்றது நின்றபடி இருந்தது. காதுவரை ஏறியிருந்த தோள் இரண்டும் இறங்கின.

சிந்து எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு அவரிடம் வந்தாள்.

“அப்பா, காபி.”

அவர் பார்வை கம்பியிலேயே இருந்தது.

“அப்பா.”

அந்தம்மா குலசேகரனின் முகத்தைப் பார்த்தார். பிறகு சோபாவில் ஒரு கையை ஊன்றி, மெல்லப் பின்னால் திரும்பினார்.

கஸ்தூரி வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளையின் அப்பா ரோட்டைப் பாதியில் விட்டார்.

அந்தம்மா திரும்பியபடியே இருந்தார். கையில் இருந்த காபியில் ஆடை படிந்தது.

கடைசியில் டம்ளரோடு எழுந்தார்.

“எனக்கும் அந்தப் பக்கம் ஒரு சேர் போடச் சொல்லுங்க, சம்பந்தி.”