அரைஞாண் கயிற்றில் ஒரு காசு

கரூரில் பழங்காசுகளை ஆராய்ந்துவந்த நூர்தீனிடம் தெய்வானை மாணவியாகச் சேர்ந்தபோது அவளுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. இப்போது கறுப்பு முடியைத் தேட வேண்டியிருந்தது. அமராவதி மணலில் அகப்பட்டதென்று சனங்கள் கொண்டுவந்ததையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கண்ணோடு மனசும் ஓய்ந்துவிட்டது. பாதிக்குமேல் போலி. மிச்சம், எங்கும் கிடைக்கிற காசு.

அன்று மாலை கோகிலவாணி என்றொரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். குழந்தையின் அரைஞாண் கயிற்றிலிருந்து ஒரு வெள்ளிக் காசை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

"எங்க வூட்ல பொறக்கற கொழந்தைக்கெல்லாம் இதைத்தானுங்க கட்டறது. என்ன காசுன்னு பாத்துச் சொல்லுங்க."

தெய்வானை அலுப்போடு லென்சை எடுத்தாள். முகம் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் துளை. திருப்பினாள். ஒரு பெண் உருவம். ஒரு கையில் மாலை, மறு கையில் கோல். ஓரத்தில் சில எழுத்துகள் தப்பியிருந்தன. மறுபடி முன்பக்கம். சுருள் சுருளான தலைமுடி; புத்தகப் படங்களில் மட்டும் பார்த்திருந்த முடி.

எதிர் மேசையிலிருந்த நூர்தீனிடம் காசை நீட்டினாள்.

"ஐயா... ஓத்தோ!"

சில மாதமே ஆண்ட ரோம மன்னன். அவன் காசு ஒன்றையாவது தொட்டுவிட வேண்டுமென்று நூர்தீன் தேடாத இடமில்லை.

அவர் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அவன்தான்" என்றார். பிறகு கோகிலவாணியிடம் சொன்னார்: "ரொம்ப அபூர்வமான காசும்மா. மியூசியத்துல வைக்க வேண்டியது. என்ன செய்யப் போறே?"

அவள் யோசிக்கவே இல்லை.

"கொழந்தைக்குக் கட்டறதுதானுங்க."

"சரி, கட்டு."

அவள் போனதும் தெய்வானை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா குடுத்திருப்பா ஐயா."

"குடுத்திருப்பா."

"ஏற்கெனவே பேர்மேல ஓட்டை போட்டுட்டாங்க. இனி அந்தக் குழந்தை எங்க தொலைக்குமோ. பெட்டியில வச்சுப் பூட்டியிருந்தா முழுசா இருந்திருக்கும்."

நூர்தீன் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைக் கசக்கினார்.

"இத்தனை வருஷமா இவன் காசு ஒண்ணுகூட ஏன் நம்ம கைக்கு வரல?"

"வந்ததே கொஞ்சமா இருக்கும். அதையும் கஷ்டம் வந்தப்போ வெள்ளிக்காக உருக்கியிருப்பாங்க."

"யாரு உருக்கியிருப்பாங்க?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பெட்டியில வச்சுப் பூட்டினவங்கதாம்மா."