துறைக் கல்லில் வெட்ட ஒரு கவிதை

அன்று படகுத்துறையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஆசிரியர் வெள்ளியங்கிரி. அவருடைய மாணவர்கள் திருமேனியும் ஆவுடையும். வெள்ளத்தில் மகளைப் பறிகொடுத்த படகோட்டி மருதை, அவர் மனைவி சிட்டம்மை. உளியோடு கல்தச்சர் சடையன்.

அந்தப் பெண்ணின் நினைவாக நட்ட கல்லில் ஒரு கவிதை வெட்ட வேண்டும். மாணவர்கள் இருவருமே எழுதியிருந்தார்கள். முந்தின நாள் ஆவுடை படித்தபோது எல்லோரும் அழுதார்கள். திருமேனி படித்தபோது சடையன் கொட்டாவி விட்டார்.

அதன் பிறகு திருமேனிக்குச் சோறு இறங்கவில்லை.

"ஐயா, நேற்று இவர்கள் அழுதது பிள்ளைக்காக. கவிதைக்காக இல்லை. 'மகள்' என்று மட்டும் சொல்லியிருந்தாலும் அழுதிருப்பார்கள். கண்ணீரைத் தள்ளிவிட்டுக் கட்டுமானத்தைப் பாருங்கள்."

"சரியாகச் சொன்னாய்," என்றார் ஆசிரியர். ஆவுடையின் தாளை வாங்கி மறுபடி படித்தார்.

'துடுப்பு முங்கும்போதெல்லாம் அந்த நூலும் முங்குகிறது' என்று முடிந்தது.

சிட்டம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மருதை அழுதார். எழுதிய ஆவுடையும் அழுதான்.

"ஐயா! ஒரு வரியை விட்டுவிட்டீர்கள்!" என்று கத்தினான் திருமேனி.

"எதை?"

"ஐந்தாவது. 'மகள் துடுப்பில் கட்டிவிட்ட சிவப்பு நூல்.' அது இல்லாமல் கடைசியில் 'அந்த நூல்' எங்கிருந்து வரும்? மொத்தமும் சரிந்துவிடும்."

"எழுதியவனுக்கே தெரியவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது?"

"குறை கண்டுபிடிக்கத் திரும்பத் திரும்பப் படித்தேன். மனப்பாடம் ஆகிவிட்டது."

"கிடைத்ததா?"

திருமேனி 'இல்லை' என்று தலையசைத்தான்.

ஆசிரியர் ஈர மணலைக் காட்டினார். "உன்னுடையதை எழுது. எந்த வரியை எடுத்தாலும் கவிதை சரியவில்லையோ, அதை அழித்துவிடு."

திருமேனி பன்னிரண்டு வரிகள் எழுதினான். எதுகையில் பிசகில்லை. 'சீறும் ஆறு' அழிந்தது. எதுவும் சரியவில்லை. 'மீறும் ஆறு' அழிந்தது. அப்போதும் சரியவில்லை. பொய்யாக எங்காவது நிறுத்திவிடலாம் என்று பார்த்தான். கை கேட்கவில்லை.

சடையன் எட்டிப் பார்த்து மணலில் இருந்ததைப் படித்தார். "'ஆற்றில் வெள்ளம் வந்தது.' அதுதான் எங்களுக்கே தெரியுமே தம்பி! வெயில் ஏறுது, கல்லு சுடும். யாரோடதை வெட்ட?"

"நீயே சொல்," என்றார் ஆசிரியர்.

திருமேனி ஆவுடையைப் பார்க்காமல் அவன் தாளை எடுத்துச் சடையனிடம் நீட்டினான்.

"ஐந்தாவது வரியை விட்டுவிடாதீர்கள்."

"உன்னுடையதில் மிச்சம் எத்தனை?" என்று கேட்டார் ஆசிரியர்.

அவன் மணலை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"ஒன்று."