நடுவில் வீங்கிய குழல்

"இது பாக்கியத்தாய் பண்ணுன வேலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. எனக்கு அது போதும்."

மாசிலாமணி துப்பாக்கிக் குழலை மேசைமேல் வைத்தான்.

கோயில் கொடைத் திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுகிறவன் அவன். கொடை இல்லாத மாதங்களில் துப்பாக்கி ரிப்பேர் கடை நடத்தும் ஜெபக்கனியிடம் வந்து வேலை படிக்கிறான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். தொழில் சொல்லித் தருகிறவள் என்பதால் அக்கா.

குழல் நடுவில் வீங்கியிருந்தது. இனி இதில் சுட்டால் பலூன் ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம். பாக்கியத்தாய் அவன் பெண்டாட்டி. வீட்டில் எது கெட்டாலும் அவள் தலையில் போட்டுவிட்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

ஜெபக்கனி குழலைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள். அங்கே பெஞ்சில் அவன் மகள் தேன்மலர், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ளை ஏன் இப்படி இளைச்சுப் போச்சு?"

"சரியாச் சாப்பிடுறதில்ல. பேச்சும் நின்னு போச்சு. இன்னைக்கு எங்க அக்கா வீட்டுல அவளுக்குப் பூ வச்சு நிச்சயம் பண்ணுதோம். அக்கா மவனுக்குத்தான்."

"பாக்கியத்தாய்க்குச் சம்மதமா?"

"அவளுக்கு அவ தம்பி மவன்தான் வேணுமாம். வருசம் முழுக்க வீட்டுல இதே ரோதனை." அவனுக்கு மூச்சு வாங்கியது. "பிள்ளைகிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன். நீ யார் பக்கம்னு தெனமும் கேக்கேன். வாயத் தொறக்க மாட்டேங்கா. அழுத்தக்காரி."

அழுத்தக்காரி என்று சொன்னானே தவிர, உள்ளுக்குள் பயம்தான். பெற்ற பிள்ளை. கண்ணுக்கு முன்னால் உருகிக்கொண்டிருந்தது.

ஜெபக்கனி குழலை எடுத்தாள்.

"எப்படி வீங்குச்சு?"

"குண்டு சிக்கியிருக்கும். அவ அது தெரியாம அடுத்ததப் போட்டுச் சுட்டிருப்பா. காத்து நெருக்கி வீங்கிருச்சு."

"காத்துத் துப்பாக்கிக்கு அவ்வளவு தெம்பு ஏது?"

அவள் முன்வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு பின்வாயை. பிறகு அவனிடம் நீட்டினாள்.

இரண்டு வாயிலும் புதுக் கீறல்.

"முன்னால கம்பி விட்டது யாரு?"

மாசிலாமணி கீறலை விரலால் தடவினான்.

"யாரு?"

"நாந்தான். குண்டைத் தள்ளப் போயி கம்பியும் சிக்கிக்கிச்சு. டீ குடிச்சிட்டு வந்து பாத்தா, அவ பின்னால ஒரு ஆணியக் கொடுத்துச் சுத்தியலால அடிச்சுக்கிட்டு இருக்கா."

"நீ என்ன செஞ்ச?"

"விடுவேனா? நான் இந்தப் பக்கம் பிடிச்சுக்கிட்டுக் குத்தினேன்."

ஜெபக்கனி சிரிக்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு குண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். மிளகு அளவு ஈயம். நகம் பட்டாலே பள்ளம் விழும்.

"ரெண்டு பக்கமும் அடி. இது யார் பக்கம் போகும்?"

அவன் குண்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான்.

'யார் பக்கம்' என்ற சொல் காதிலேயே நின்றது. அது அவன் தினமும் கேட்கிற கேள்வி.

குண்டை மேசைமேல் வைத்தான். "வீக்கத்தத் தட்டி அமுக்கிரலாமாக்கா?"

"முடியாது."

"கொஞ்சமாச்சும்?"

"வீங்குனது வீங்குனதுதான்."

"அப்ப சிக்குன குண்டை எப்படித்தான் எடுக்க?"

"ஒரு ஆளு கையை எடுக்கணும்."

"எந்த ஆளு?"

ஜெபக்கனி குழலைத் துணியில் சுற்றி அவனிடமே திருப்பித் தந்தாள்.

"அத எங்கிட்ட வந்து கேக்கியே."

மாசிலாமணி வெளியே வந்தான். தெரு முக்கில் பஸ் வந்து நின்றது, அவன் அக்கா ஊருக்குப் போகிற பஸ். பழக்கத்தில் கை போய்த் துணிப்பையின் ஒரு காதைப் பிடித்தது. மறு காது தேன்மலர் கையில் இருந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"அத்தை வீட்டுக்குத்தானப்பா?"

குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. ஒன்றுமே இல்லை.

அவன் பையிலிருந்து கையை எடுத்தான்.

பை அவள் பக்கமாகச் சரிந்து தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பஸ் கிளம்பிப் போயிற்று.

அவள் எந்தப் பக்கமும் நகரவில்லை.