பவர் சப்ளையின் புகார்

அந்தோணிராஜ் ஐம்பத்திரண்டு வயதுக்காரர். ஆய்வகக் கருவிகளின் குமிழ்களைத் திருகியே காலம் தள்ளியவர். இப்போது அதே கருவிகளுக்குக் கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை அனுப்பப் பழகிக்கொண்டிருந்தார். அவருக்குக் குருவாக வாய்த்த நிலோஃபர், அவருடைய மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்.

அன்று மதியம் அந்தோணிராஜ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, போனும் கையுமாக ஆய்வகத்தில் நிலோஃபரிடம் வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? மெஷின் பத்தி இல்ல."

"கேளுங்க சார்."

"ஞாயித்துக்கிழமை என் பொண்ணு அமலியைப் பொண்ணு பாக்க வர்றாங்க. பையன்கூட ரெண்டு தடவை போன்ல பேசியிருக்கா. 'புடிச்சிருக்காம்மா?'ன்னு இப்பதான் கேட்டேன். 'எட்டாங்கிளாஸ்ல எல்லாரும் ஊட்டி டூர் போனாங்க, என்னை மட்டும் நீங்க அனுப்பல'ங்கறா. நான் என்ன கேக்கறேன், அவ என்ன சொல்றா? புடிக்கலங்கறதைத்தான் சுத்தி வளைக்கிறா. வர வேணாம்னு இன்னிக்கே அவங்களுக்குச் சொல்லிடப் போறேன். சரிதானே?"

நிலோஃபர் மேசைமேல் இருந்த, கேட்ட வோல்ட்டைக் கொடுக்கும் பெட்டியைக் காட்டினார்.

"காலையில இந்தப் பவர் சப்ளைக்குக் கட்டளை அனுப்பினீங்களே, என்ன ஆச்சு?"

"கண்டபடி தப்பாத்தான் அடிச்சேன். அது ஒண்ணும் சொல்லல. அதுபாட்டுக்கு இருந்துச்சு."

"இப்ப அஞ்சு வோல்ட் குடுக்கச் சொல்லுங்க."

எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து அடித்து அனுப்பினார்.

"தப்பு ஏதாவது இருக்கான்னு அதையே கேளுங்க."

கேட்டார். இப்படி ஒரு கட்டளையே எனக்குத் தெரியாது என்று திரையில் பதில் வந்தது.

அந்தோணிராஜுக்குச் சுருக்கென்றது. அவ்வளவு பார்த்துப் பார்த்து அடித்த வரியாயிற்றே! அதை அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதக் கை வைத்தார்.

"வரியைத் தொடாதீங்க. திரும்பவும் கேளுங்க."

கேட்டார். எண் அளவுக்கு மீறியது என்று வந்தது.

"அஞ்சு வோல்ட்டா அளவுக்கு மீறினது? இதுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா மேடம்?"

"காலையில ஐநூறு வோல்ட் கேட்டது யாரு?"

அந்தோணிராஜ் அசடு வழிந்தார். கேட்டது அவர்தான்.

"அதை இப்பவா சொல்றது?"

"அப்ப நீங்க கேக்கல. கேக்கற வரைக்கும் தப்பையெல்லாம் ஒவ்வொண்ணா வரிசைப்படி வச்சிருக்கும். கேட்டா, பழசுதான் முதல்ல வரும். கேளுங்க."

மறுபடி கேட்டார். இன்னொரு பழைய தப்பு வந்தது. அடுத்து எது வரும் என்று இப்போது அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். ஐநூறைத் திருத்துகிறேன் என்று அவசரத்தில் அடித்த கோளாறு வந்தது. அதற்கும் அடுத்த முறை, தப்பு எதுவும் இல்லை என்று வந்தது.

"இப்ப பெட்டியில இருக்கற மீட்டரைப் பாருங்க."

மீட்டரில் ஐந்து வோல்ட் நின்றது. அந்த வரியை அனுப்பிய நொடியிலிருந்தே அது அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. அவர்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தோணிராஜுக்கு அமலி சொன்ன ஊட்டி டூர் ஞாபகம் வந்தது. பிறகு போனை எடுத்து, மகளின் பெயர் வரைக்கும் போய் விரலை நிறுத்தினார். அவருக்குப் பயமாக இருந்தது.

"எட்டாங்கிளாஸ்தான் முதல்ல வந்திருக்கு. அதுக்கப்புறம் நான் எத்தனையோ பண்ணியிருக்கேன் மேடம். காலேஜ்ல அவ கேட்ட படிப்பைக்கூடக் குடுக்கல. ஒவ்வொண்ணா எடுத்தா, நான் என்னன்னு சமாதானம் சொல்றது?"

நிலோஃபர் பவர் சப்ளையை அணைத்தார்.

"இது சொன்ன ஒவ்வொரு தப்புக்கும் என்ன சமாதானம் சொன்னீங்க சார்?"