சுரைமங்கலத்தில் சூரியன் இறங்கிய கதை

சுரைமங்கலத்துக்காரர்கள் நல்லவர்கள். சொன்ன சொல்லை அப்படியே கேட்பார்கள். அவர்களிடம் இருக்கும் ஒரே கோளாறும் அதுதான்.

அந்த ஊர்ப் பொன்னுரங்கம் பதினோரு வருஷமாகச் சினிமா டைரக்டர். படம் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அவர் மனைவி செங்கமலம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்த மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள உங்க படத்தை நான் பார்த்தாகணும். ஒரு நாள் தவறினாலும் எங்க அண்ணன் அரிசி மில்லுல தவிட்டு மூட்டை தைக்கப் போயிடணும். அப்புறம் இந்த வீட்டுல சினிமாப் பேச்சே எடுக்கக் கூடாது."

தவிடு என்றாலே பொன்னுரங்கத்துக்குத் தும்மல் வரும். மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

நல்லவேளையாக அந்த வருஷம் அரசாங்கம் மாவட்டத் திரைப்பட உதவித் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. உள்ளூரில் படம் எடுத்தால் உள்ளூர் வளரும் என்று யாரோ பெரிய இடத்தில் நினைத்திருக்கிறார்கள். சுரைமங்கலத்தை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

திட்ட அலுவலர் வைகுந்தம் வந்து, விண்ணப்பம் போட்ட ஒரே ஆளான பொன்னுரங்கத்திடம் விதிகளை வாசித்தார். "படம் முழுக்க நம்ம மாவட்டத்துக்குள்ளேயே எடுக்கணும். படத்துல வர்ற எதுவும் இம்மியளவுகூட எல்லையைத் தாண்டக் கூடாது. வேலைக்கு உள்ளூர் ஆளுங்கதான். திட்டத்தோட பேர் பார்க்கிறவங்க கண்ணுல நல்லாப் படணும். மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள தியேட்டர்ல போட்டுக் காட்டி முடிச்சிடணும். இல்லேன்னா உதவி ரத்து."

"இம்மியளவுன்னா எவ்வளவுங்க?" என்று பொன்னுரங்கம் பயபக்தியோடு கேட்டார்.

"ரொம்பக் கொஞ்சம்ப்பா" என்று சொல்லிவிட்டு வைகுந்தம் ஜீப்பில் ஏறிவிட்டார்.

கேமராமேனாக விருத்தகிரி அமர்த்தப்பட்டார். சர்வே ஆபீஸில் இருபது வருஷம் நிலம் அளந்தவர். முக்காலி வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிற அனுபவம் உள்ளூரில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. கதை, வசனம், கதாநாயகன் மூன்றும் கோதண்டம். கல்யாண வீடுகளில் மைக் பிடித்தவர் என்பதால் நடிப்பும் வந்துவிடும் என்று முடிவு செய்தார்கள்.

முதல் நாள், முதல் காட்சி. விடியற்காலையில் கதாநாயகன் ஏரிக்கரையில் நின்று சூரியனைக் கும்பிட வேண்டும். கோதண்டம் கையைக் கூப்பினார். சூரியன் தகதகவென்று எழுந்தது. "ஸ்டார்ட்!" என்று பொன்னுரங்கம் கத்தியபோது விருத்தகிரி கேமராவின் மேல் துண்டைப் போட்டு மூடினார்.

"என்னய்யா ஆச்சு?"

"டைரக்டர் சார், அந்தச் சூரியன் நம்ம மாவட்டம் இல்ல."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விருத்தகிரி சர்வே வரைபடத்தை விரித்தார். "கிழக்கே அந்தப் பனைமர வரிசையோட நம்ம எல்லை முடியுது. சூரியன் அதுக்கு அந்தப் பக்கம் நிக்குது. பக்கத்து மாவட்டத்துச் சொத்து."

கோதண்டம் கூப்பிய கையை அவசரமாக இறக்கினார். "நல்லவேளை. கும்பிட்டிருந்தா உதவி ரத்தாயிருக்கும்."

"அப்போ சாயங்காலம் எடுப்போமா?" என்றார் பொன்னுரங்கம்.

"சாயங்காலம் மேற்கே போயிடும். அது வேற மாவட்டம்."

"நம்ம மாவட்டத்துக்குள்ள எப்பத்தான் வரும்?"

விருத்தகிரி வரைபடத்தில் ஸ்கேலை வைத்து நெடுநேரம் கணக்குப் போட்டார். "பதினொன்றரைக்கு உள்ளே நுழையுது. பன்னிரண்டரைக்கு வெளியே போயிடுது. அந்த ஒரு மணி நேரம் நேரா நம்ம தலைக்கு மேலே நிக்கும். அப்ப யாரும் நம்மளைக் கேள்வி கேட்க முடியாது."

இப்படியாக மொத்தப் படமும் உச்சி வெயிலில் எடுக்கப்பட்டது.

நள்ளிரவில் திருடன் வீடு புகும் காட்சியும் அதில் உண்டு. கொளுத்தும் வெயிலில் திருடன் டார்ச் லைட் அடித்துக்கொண்டு தட்டித் தடவி வந்தான். முற்றத்தில் படுத்திருந்த வீட்டுக்காரர், குறட்டை விடும்போதே முதுகு சுட்டு இரண்டு தடவை எழுந்து ஓடினார். கோதண்டம் "ஆகா, என்ன குளிர்ந்த நிலவு!" என்று வசனம் பேசிவிட்டு மயங்கி விழுந்தார். நடிப்பு அருமை என்று எல்லாரும் கை தட்டினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் தண்ணீர் தெளித்தார்கள்.

திட்டத்தின் பெயர் கண்ணில் பட வேண்டும் அல்லவா? எட்டடிக்கு ஆறடி பலகை ஒன்றில் எழுதி எல்லாக் காட்சியிலும் நடுவில் நிறுத்தினார்கள். காதல் காட்சியில் நாயகன் பலகைக்கு இந்தப் பக்கம், நாயகி அந்தப் பக்கம். கடைசிவரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதனால் காதல் ரொம்பக் கண்ணியமாக இருந்தது.

மார்ச் மாத நடுவில் வைகுந்தம் வந்து, எடுத்தவரை போட்டுப் பார்த்தார். அரை மணி நேரத்தில் அவருக்குத் தலைவலி வந்துவிட்டது. ஆனால் மாவட்டத்தில் வேறு யாரும் படம் எடுக்கவில்லை. இதையும் விட்டால் மேலிடத்தில் காட்ட ஒன்றும் இருக்காது.

"எல்லாம் சரிதான்ப்பா. முடிவு மட்டும் சப்புன்னு இருக்கு. கடைசியில அழகா ஒரு சூரியன் மறையற மாதிரி வை. ஜனங்க நிறைவா எழுந்து போவாங்க."

அவர் போனதும் மூவரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"மறையணும்னா மேற்கே போகணும். மேற்கே போனா எல்லை தாண்டணும்" என்றார் விருத்தகிரி.

பொன்னுரங்கத்துக்கு இப்போதே தும்மல் வருவது போல் இருந்தது. கோதண்டம்தான் வழி கண்டுபிடித்தார். "உள்ளூர்லயே ஒரு சூரியன் செஞ்சிட்டா என்ன?"

பெரிய முறம் ஒன்றுக்குச் செங்காவி பூசி, கயிறு கட்டி, குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மெதுவாக இறக்கினார்கள். மணி பன்னிரண்டு. மேலே நிஜச் சூரியன் அசையாமல் நிற்க, கீழே முறம் மறைந்தது.

"படத்துல ரெண்டு சூரியன் தெரியுதே?" என்று விருத்தகிரி சந்தேகப்பட்டார்.

"தெரியட்டும்யா. ஒண்ணு எல்லாருக்கும் பொது. இன்னொண்ணு நம்ம மாவட்டத்துத் தயாரிப்பு" என்றார் பொன்னுரங்கம். அவருக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

மார்ச் முப்பத்தொன்று, காலை பத்து மணிக் காட்சி. ஊரே தியேட்டரில் கூடியது. செங்கமலம் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த வைகுந்தம் பெயர் போடும்போதே தூங்கிவிட்டார். ஜனங்கள் அசையாமல் பார்த்தார்கள். கடைசியில் திரையில் சூரியன் மறைந்தது. "அடடா, பொழுது சாஞ்சிருச்சே" என்று அங்கங்கே கொட்டாவி விட்டார்கள். படம் முடிந்து கதவைத் திறந்தால் உச்சி வெயில் பளீரென்று அடித்தது.

எல்லாரும் வாசலிலேயே திகைத்து நின்றார்கள்.

"பொழுது சாஞ்சதைக் கண்ணால பார்த்தோமே. இப்ப உச்சிப் பொழுதா இருக்கு. அப்படின்னா ராத்திரி பூரா உள்ளேயேவா இருந்தோம்?" என்றார் விருத்தகிரி.

"ஐயோ, மாடு கறக்கணும்!" என்று கூட்டம் சிதறி ஓடியது. காலையில் கறந்த மாடுகள் எதுவும் பால் தரவில்லை. ஒரு நாள் கவனிக்காததால் கோபித்துக்கொண்டன என்று எல்லாருக்கும் வருத்தம்.

செங்கமலம் இடுப்பில் கை வைத்தாள். "இன்னைக்கு ஏப்ரல் ஒண்ணு. கிளம்புங்க மில்லுக்கு."

"நேத்துதானே காட்டினேன்?" என்றார் பொன்னுரங்கம்.

"ஆரம்பிச்சது நேத்து. முடிஞ்சது இன்னைக்கு."

பொன்னுரங்கம் வைகுந்தத்தைப் பார்த்தார். அவர் அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தார். நன்றாகத் தூங்கிய தெம்பு உடம்பில் இருந்தது. ஒரு ராத்திரி போயிருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. "அம்மா சொல்றது சரிதான். காட்டி முடிக்கணும்னுதான் விதி" என்று சொல்லி, காகிதத்தில் 'ரத்து' என்று எழுதிக் கொடுத்தார்.

பதினோரு வருஷக் கனவு. பொன்னுரங்கம் வாய்விட்டே அழுதார். அழுதுகொண்டே மில்லுக்கு நடந்தார்.

மில்லில் மைத்துனர் பழனியாண்டி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். படம் பார்க்க அவருக்கு நேரமில்லை. "வாங்க மாப்ளே. இன்னைக்குத்தானே உங்க படம்?"

"அது நேத்து மச்சான். இன்னைக்கு ஏப்ரல் ஒண்ணு" என்று பொன்னுரங்கம் தும்மினார்.

"அப்படியா! இன்னைக்குக் காலையில கிழிக்க மறந்துட்டேன் போலிருக்கு" என்று பழனியாண்டி எழுந்து போய் நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்தார். ஊரில் எல்லா வீட்டிலும் அதற்குள் கிழித்தாகிவிட்டது.

அந்த வருஷம் முதல் சுரைமங்கலத்தில் தீபாவளி, பொங்கல் எல்லாமே ஒரு நாள் முன்னதாக வந்துவிடுகின்றன. மறுநாள் நாம் பட்டாசு கொளுத்தும்போது அவர்கள் நம்மைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். "பாவம், இந்த வெளியூர்க்காரங்க எல்லாம் எந்தப் படத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தாங்களோ!"