ஏழுக்கு இழுத்த தண்ணீர்

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? தணிகாசலத்தின் குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் எஸ்தர். எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருந்தாள். சீடரோ முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அந்தக் கெத்து விடுமா? நாலு மீன் சாகும்வரை யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஐந்தாவதும் போன பிறகுதான், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நோட்டும் கையுமாகக் கடைப்படி ஏறினார்.

“அஞ்சு செத்துப்போச்சும்மா. ஒண்ணுதான் மிச்சம். அதுவும் மூலையில துடுப்பை ஒடுக்கிக்கிட்டுக் கிடக்கு.”

ஆறும் அவர் மனைவி மரகதம் எஸ்தரிடம் வாங்கி வளர்த்த தங்கமீன்கள். முட்டி ஆபரேஷன் முடிந்து அவள் ஒரு மாதமாகத் தாம்பரத்தில் மகள் வீட்டில் இருந்தாள். தினமும் போனில் மீன்களை விசாரிப்பாள். தண்ணீர் கணக்கு கச்சிதம், எல்லாம் ஜோராக இருக்கிறது என்று இவரும் கூசாமல் அளந்துவிடுவார். வெள்ளிக்கிழமை அவள் வீடு திரும்புகிறாள். அதற்குள் அந்த ஒன்றும் போய்விட்டால் எந்த முகத்தோடு கதவைத் திறப்பது?

நோட்டைப் பிரித்துக் காட்டினார்.

“தண்ணியோட பி.எச்., அதான் அமிலம்-காரம் காட்டுற நம்பர், ஏழு இருந்தா நல்லதுன்னு படிச்சேன். நம்ம போர் தண்ணி எட்டு. காலையில மருந்து விட்டு ஏழுக்கு இறக்குறேன். சாயங்காலம் பார்த்தா திரும்ப எட்டு. மறுபடி விடுறேன். ஒரு வேளைகூடத் தவறினதில்ல. சொல்லும்மா, எந்த நம்பர்ல வைக்கணும்?”

எஸ்தர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

“உட்காருங்க சார்.”

உட்கார்ந்தார்.

“இங்க வேணாம், வெளிய வாங்க.” ஸ்டூல் வெயிலுக்குப் போனது. வேர்த்து, கைக்குட்டையை எடுப்பதற்குள், “ஐயோ, வெயில் சார். ஃபேனுக்கு அடியில வாங்க” என்றாள். போனார். மூச்சு சீராகும் முன்னே மறுபடி வெளியே கூப்பிட்டாள்.

அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

“என்னம்மா விளையாடுறியா? வெயிலோ நிழலோ, மனுஷனை ஒரே இடத்துல உட்கார விடேன்!”

“இதைச் சொல்லத் தெரியாமத்தான் சார் அஞ்சும் செத்துச்சு.”

அவருக்கு வெட்கம் ஒரு பக்கம், துக்கம் ஒரு பக்கம். கையிலிருந்த நோட்டை மூடினார்.

“மருந்தை நிறுத்துங்க. காலையில தொட்டியில இருந்து ஒரு சொம்பு தண்ணி எடுத்துட்டு, ஒரு சொம்பு போர் தண்ணி மெதுவா ஊத்துங்க. சாயங்காலமும் அப்படியே. ரெண்டு நாளைக்குத் தீனி போடாதீங்க.”

“அப்ப எட்டுக்கே போயிடுமே?”

“அந்த எட்டுலதானே சார் இத்தனை வருஷம் வளர்ந்துச்சு?”

சும்மா இருப்பது லேசுப்பட்ட காரியமா? அவருக்குக் கை நமநமவென்று அரித்தது. மருந்து பாட்டிலை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டார். வியாழன் மாலை அந்த மீன் மூலையை விட்டு வந்து, கண்ணாடியில் அவர் விரலுக்கு நேராக வாயைத் திறந்து திறந்து மூடியது. பசி! கிழவர் சந்தோஷத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினார்.

“பொழைச்சுக்கிச்சும்மா!”

சொல்லி முடிப்பதற்குள் முகம் தொங்கிப்போயிற்று.

“ஆனா நாளைக்கு மரகதம் வந்துடுவாளே. அவளுக்கு பிரஷர் வேற. அதே மாதிரி அஞ்சு மீன் குடு, விட்டுடுறேன். இல்லேன்னா இப்போதைக்கு ஒண்ணு செத்துச்சுன்னு சொல்லிட்டு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணா...”

எஸ்தர் கைவலையை உதறி ஆணியில் மாட்டினாள்.

“அவங்களுக்குத் தெரியும் சார்.”

“என்னது?”

“செவ்வாய்க்கிழமை சாயங்காலமே எனக்கு போன் பண்ணாங்க. தினமும் ஏழு, ஏழுன்னு நம்பரையே சொல்றீங்களாம். எந்த மீன் என்ன பண்ணுச்சுன்னு ஒரு வார்த்தை இல்லையாம். அதுலேயே புரிஞ்சுடுச்சாம். எத்தனை மிச்சம்னு மட்டும் கேட்டாங்க.”

தணிகாசலம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “திட்டினாளா?”

“இல்ல சார். ‘நீ ஒண்ணும் கிளறாதே எஸ்தர், அவரே தெளிஞ்சு வந்து சொல்லுவார்’னாங்க.”